ஜிம்மிக்குப் பல் தேய்க்கச் சொன்னேன்

போன மாதம், இந்தக் காலத்து மிருக டாக்டர்களான உங்களில் ஒருவருடைய கிளினிக்குக்கு வந்திருந்தேன். கண்ணாடி அலமாரியில் நாய்க்கென்றே பற்பசை, விரலில் மாட்டிக்கொள்கிற ரப்பர் பிரஷ், பூனைக்குத் தனியாகச் சின்னதாக ஒன்று. பற்பசைக்குக் கோழிக்கறி வாசனையாம். பார்த்ததும் பொறாமையாக இருந்தது. பிறகு நீங்கள் ஒரு அம்மாவிடம் பேசியது காதில் விழுந்தது. "டெய்லி பிரஷ் பண்றீங்களா?" என்று கேட்டீர்கள். "பண்றேன் டாக்டர்" என்றார் அவர். நீங்கள் அந்த நாயின் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தீர்கள். அந்த அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினார். அந்தச் சிரிப்பை எனக்கு நன்றாகத் தெரியும், நானும் அப்படிச் சிரித்தவள்தான். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், வாடகைக்கு முன்னறை ஒன்றை எடுத்து போர்டு மாட்டினேன். பெண் டாக்டர் என்று போர்டில் பார்த்துவிட்டு, அதற்கு மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல், பிள்ளைத்தாய்ச்சிகள் வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். பக்கத்தில் ஒரு அல்சேஷன் மூச்சிரைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் அலறி எழுந்து போவார்கள். என்னிடம் வேலை பார்த்த பக்கிரி, நாய்களைப் பிடித்துக்கொள்வது, தரையைக் கழுவுவது, என்னை அவ்வப்போது கிண்டல் செய்வது ஆகிய மூன்றையும் சம அக்கறையோடு செய்பவன், அவர்களைத் தெருமுனை வரை கொண்டு விட்டுவிட்டு வருவான்.

அப்போது எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. நாய், பூனைகளுக்கு வீட்டிலேயே தினமும் பல் சுத்தம் செய்யவேண்டும் என்று ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்திருந்தேன். வாயில் சீழ் பிடித்து, சாப்பிட முடியாமல் இளைத்து வரும் நாய்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போயிருந்த எனக்கு அது வேதவாக்காகப் பட்டது. வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். சுட்டுவிரலில் மெல்லிய துணியைச் சுற்றி, உப்புத் தண்ணீரில் நனைத்து, அதற்கு ராத்திரிச் சாப்பாடு போட்ட பிறகு பல்லும் ஈறும் சேருமிடத்தில் மெதுவாகத் தேய்த்துவிட வேண்டும். மெட்ராஸ் அப்படி ஒரு விஷயத்தைக் கேள்விப்பட்டதே இல்லை. சந்தில் எனக்குப் 'பல்லு டாக்டர்' என்று பேர் விழுந்துவிட்டது.

"நாஷ்டா துன்றதுக்கே மனுசனுக்கு வயி இல்ல, நாய்க்குப் பல்லு வெளக்கணுமாம்" என்று பக்கிரி வருகிறவர்களிடம் என் காதுபடச் சொல்லுவான்.

முதலில் சறுக்கியது ஒரு பூனை விஷயத்தில். மாட வீதியிலிருந்து ஒரு மாமி, ஒருநாள் காலையில் கூடையும் கையுமாக ஓடிவந்தார். "டாக்டர், சீக்கிரம் பாருங்கோ, எங்காத்துப் பூனைக்கு வாயெல்லாம் ரத்தமா வழியறது!" கூடையைத் திறந்தால் பூனையின் முகம் முழுக்க ரோஸ் நிறத்தில் நுரை. முகர்ந்து பார்த்தேன். வீட்டில் எல்லோரும் தேய்க்கிற அதே ரோஸ் நிறப் பல்பொடி. கிராம்பும் கற்பூரமும் மணந்தன. பூனைக்கு இரண்டுமே விஷம். நல்லவேளை, தின்றதைவிடத் துப்பியதுதான் அதிகம். வாயைக் கழுவி, பகல் முழுக்க வைத்திருந்து அனுப்பினேன். ஆனால் அதற்கு முன்னால் மாமியை ஒரு பிடி பிடித்தேன்.

மாமி அசரவில்லை. "சும்மா கத்தாதேடிம்மா. பல் தேய்னுதானே சொன்னே? எதால தேய்க்கணும்னு சொன்னியோ? துணின்னே, உப்புன்னே, பொடி கூடாதுன்னு சொன்னியோ? சொல்லாதது உன் தப்பு, திட்டறது என்னையா?" என்று திருப்பிக் கொடுத்தார்.

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அன்றைக்கு மாமியிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம், 'எதைக் கொண்டு தேய்க்கக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்' என்பது. சரியான பாடம்தான். ஆனால் அதைவிடப் பெரிய ஒன்று அங்கே இருந்தது, அது எனக்குத் தெரியவில்லை. மாமி திருப்பித் திட்டக்கூடியவர். வயது, தெரு, பேச்சு எல்லாம் அவர் பக்கம். என் கத்தல் அவர்மேல் பட்டுத் திரும்பி வந்துவிட்டது. அதனால் என் நாக்கு எப்படிப்பட்டது என்று எனக்கு விளங்கவே இல்லை. எல்லோரும் மாமி மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் தி.நகரிலிருந்து ஜிம்மி வந்தது. வெள்ளைப் பொமரேனியன். பாண்டி பஜார் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக் குடும்பம். நாயைத் தூக்கிக்கொண்டு வந்தவள் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து சில மாதங்களே ஆன பெண், கோமதி. கூட மாமியார். அந்த அம்மாள் நல்ல மனுஷி, வாய் ஓயாமல் பேசுவார்.

"நாத்தம் தாங்க முடியல டாக்டரம்மா. மடியில வந்து ஏறுனா மூஞ்சியத் திருப்பிக்கிட வேண்டியிருக்கு. இவதான் இப்ப எல்லாம் பாத்துக்கிடுதா. என்ன செய்யணுமோ இவகிட்டச் சொல்லுங்க."

செய்யவேண்டியதைச் செய்து பற்களைச் சுத்தமாக்கினேன். விரலில் துணி, உப்புத் தண்ணீர், பொடி கூடாது, பேஸ்ட் கூடாது என்று கோமதியிடம் பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்தேன். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. நல்ல பெண் என்று நினைத்தேன். கேள்வி கேட்காத ஆளைப் பார்த்தால் நீங்கள் கொஞ்சம் பயப்படவேண்டும். நான் சந்தோஷப்பட்டேன்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தார்கள். அது சனிக்கிழமை சாயங்காலம், பெஞ்சில் இடமில்லாமல் வாசல் வரை கூட்டம். கோமதியின் முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. "முழுகாம இருக்கா" என்று மாமியார் என் காதில் சந்தோஷமாகச் சொன்னார். நான் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி ஜிம்மியை மேஜைமேல் ஏற்றினேன்.

"தினமும் தேய்ச்சீங்களாம்மா?"

"தேய்ச்சேன் டாக்டரம்மா."

உதட்டைத் தூக்கினேன். முன்பக்கம் ஏதோ சுமார். கடைவாய்ப் பக்கம் பழையபடி மஞ்சள் காறை, ஈறு ஓரமெல்லாம் கீறிக் கீறிச் சிவந்திருந்தது. தினமும் துணியால் தேய்த்த வாய் அப்படி இருக்காது. பொய் சொல்கிறாள் என்று தெரிந்தது. எனக்குப் பொய் பிடிக்காது. அதோடு அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்து நான் நின்றுகொண்டே இருந்தேன், இந்த ஊரில் ஒருத்தர்கூட சொன்னதைச் செய்வதில்லை என்ற எரிச்சல் மண்டைக்கு ஏறியிருந்தது.

"இதுவா தினமும் தேய்க்கிற வாய்? இங்க பாருங்க எல்லாரும்" என்று ஜிம்மியின் வாயைத் திறந்து பெஞ்சுப் பக்கம் காட்டினேன். "உன் பல்லை நீ இப்படித்தான் வெச்சுப்பியா?"

கூட்டம் சிரித்தது. கோமதி புடவைத் தலைப்பை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். அப்போதுதான், வார்த்தை என் வாயைவிட்டுப் போன பிறகுதான், நான் அவள் பற்களைக் கவனித்தேன். முன்பற்கள் முழுக்கக் காவிக் கறை. அவள் ஊர்ப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் அப்படி. குழந்தையிலிருந்து அதைக் குடித்து வளர்ந்தவர்களுக்கு எத்தனை தேய்த்தாலும் போகாது. அது அவளுடைய தப்பே இல்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் எத்தனை தடவை அப்படித் தலைப்பால் மூடியிருப்பாளோ.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்போதே "மன்னிச்சுக்கோம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கூட்டத்துக்கு முன்னால் டாக்டர் எப்படிச் சொல்வது? "சரி, இனிமே ஒழுங்கா தேய்" என்று சொல்லி அனுப்பிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். பக்கிரி மட்டும் தரையைத் துடைத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "அந்தப் பொண்ணு அய்துகினே போவுதும்மா" என்றான்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் ஒன்றும் இல்லை. ஒரு மத்தியானம் ஜவுளிக்கடை வீட்டிலிருந்து போன் வந்தது. கோமதியின் வீட்டுக்காரர் பேசினார். ஜிம்மி நேற்று ராத்திரியிலிருந்து சோறு தண்ணீர் தொடவில்லை, வாயைத் திறந்தபடியே இருக்கிறது, எச்சில் நூலாக ஒழுகுகிறது, கிட்டப் போனால் உறுமுகிறது. பக்கிரியை அழைத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் போனேன்.

பின்கட்டில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஜிம்மியைக் கட்டிப்போட்டிருந்தார்கள். கீழ்த்தாடை தொங்கியது. எச்சில் மார்பு முடியெல்லாம் நனைத்து, தரையில் ஈரத் திட்டாகப் பரவியிருந்தது. கண்கள் கலங்கியிருந்தன. குரைக்க முயன்றால் குரல் கம்மி வந்தது.

பக்கிரி இரண்டடி பின்னால் போனான். "இன்னாம்மா இது, வாயி தொங்கிக்கினு கீது. எனக்குக் கொயந்த குட்டி கீதும்மா."

"எதாவது நாய் கடிச்சுதா இதை?" என்று கேட்டேன்.

"போன மாசம் தெருநாய் ஒண்ணு கேட்டுக்குள்ள வந்து காதுல கடிச்சிட்டுப் போச்சு. சின்னக் காயம்தான், மஞ்சப்பொடி வச்சோம்" என்றார் மாமியார். அந்தக் காலத்தில் வீட்டு நாய்க்குத் தடுப்பூசி போடுகிறவர்கள் குறைவு. ஜிம்மிக்கும் போட்டிருக்கவில்லை. அதுவரை வாயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த நானும் அதைக் கேட்டதில்லை.

உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வெறிநோயில் பாதி நாய்கள் துரத்திக் கடிப்பதில்லை. தாடை தொங்கி, விழுங்க முடியாமல், தொண்டையில் எலும்பு மாட்டின மாதிரியே உட்கார்ந்திருக்கும். எலும்பு என்று நினைத்துக் கையை விட்டவர்கள் செத்திருக்கிறார்கள். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரிய டாக்டர், அடையாறில் இருந்தவர், அப்படி ஒரு சிநேகிதரைப் பறிகொடுத்தவர். அந்த வீட்டுப் போனிலிருந்தே அவரைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வாய்ல கை விடாதே. எந்தக் காரணத்துக்காகவும் விடாதே. ஊசி போட்டு நாயை முடிச்சுட்டு, தலையைப் பரிசோதனைக்கு அனுப்பு. அதைத் தொட்டவங்க யார் யாருன்னு கேளு, ஊசிக்கு அனுப்பு" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. இன்றைக்கு நீங்கள் என்னைப் போனில் கேட்டாலும் முக்கால்வாசி அதையேதான் சொல்லுவேன். ஆனால் திரும்பி வந்து பார்த்தபோது ஜிம்மி முன்னங்காலால் மூஞ்சியைப் பிராண்டிக்கொண்டிருந்தது. கால் முடி நனைந்து ஒட்டிப்போயிருந்தது. வாயில் ஏதோ மாட்டின நாய்தான் பெரும்பாலும் அப்படிச் செய்யும். அது என் கண்ணில் பட்டது. பெரும்பாலும் என்பதை நம்பி ஒரு வீட்டையே பணயம் வைக்க முடியுமா? காதுக் காயத்தையும் நினைத்துப் பார்த்தேன். மனதை இறுக்கிக்கொண்டேன்.

எல்லோரும் பின்கட்டு வாசலில் நின்றார்கள். கோமதி சுவரோரம், மாமியாருக்குப் பின்னால். நான் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

"கோமதி, தினமும் இதுக்கு எதால பல் தேய்ச்சே? விரலாலதானே?"

கேள்வியிலேயே பதிலையும் வைத்துக் கொடுத்தேன் பாருங்கள். அதுவும் பழைய அதட்டல் குரலில்.

அவள் என்னைப் பார்த்தாள். நாயைப் பார்த்தாள். "ஆமா டாக்டரம்மா. விரலாலதான்."

"நேத்தும்?"

"நேத்தும்தான்."

"அப்படின்னா உனக்கும் ஊசி போடணும். தொப்புளைச் சுத்திப் போடற ஊசி. வேற வழியில்லை."

மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, புள்ளத்தாச்சி டாக்டரம்மா! வயித்துலயா? புள்ளைக்கு என்ன ஆகும்? எனக்குப் போடுங்க, எனக்கு எத்தன வேணாலும் போடுங்க." கோமதியின் வீட்டுக்காரர் அவரைத் தூக்கப் பார்த்தார். ஊசி என்றதற்குக் கோமதி மெதுவாகத் தலையை மட்டும் ஆட்டினாள், கிளினிக்கில் ஆட்டின அதே மாதிரி.

நான் பையைத் திறந்து மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றினேன். கயிற்றைச் சுருக்கி நாயின் தலையைக் கல்லோடு சேர்த்து இழுக்கச் சொன்னேன். பக்கிரி சாமி பேரைச் சொல்லிக்கொண்டே இழுத்தான். நான் குனிந்தேன்.

என் தோளுக்குப் பக்கத்தில் ஒரு புடவை உரசியது. என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் கோமதி மண்டியிட்டு, இடது கையால் ஜிம்மியின் மேல்தாடையைப் பிடித்துத் தூக்கி, வலது கையை மணிக்கட்டு வரை அதன் வாய்க்குள் விட்டுவிட்டாள். நான் கத்தினேன். அவள் வீட்டுக்காரர் கத்தினார். அவள் திரும்பவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு எதையோ பிடித்து ஆட்டினாள், இழுத்தாள். ஜிம்மி வீலென்று கத்தியது. அவள் கை வெளியே வந்தபோது அதில் ரத்தமும் எச்சிலும் ஒழுகின. விரல்களுக்கு நடுவில் ஒரு வேப்பங்குச்சித் துண்டு, ஒரு முனை பிரஷ் மாதிரி நசுங்கியிருந்தது. மேலண்ணத்தில், இரண்டு பக்கக் கடைவாய்ப் பற்களுக்கும் குறுக்கே, உத்தரம் மாதிரி இறுகி மாட்டியிருந்திருக்கிறது.

ஜிம்மி தாடையை மூடியது. திறந்தது. மறுபடி மூடியது. பிறகு துவைக்கிற கல்லின் குழியில் தேங்கியிருந்த தண்ணீரை நக்கி நக்கிக் குடிக்க ஆரம்பித்தது.

அப்போது நான் அந்தப் பெண்ணிடம் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "பைத்தியமாடி உனக்கு? அறிவிருக்கா?" என்றுதான். கையில் சிரிஞ்சோடு நின்றுகொண்டு, கத்தினேன்.

அவள் குச்சியை என்னிடம் நீட்டினாள். "இதான் டாக்டரம்மா. முறிஞ்சி உள்ள மாட்டிக்கிட்டு. நேத்தே பாத்தேன்" என்றாள்.

நேற்றே பார்த்திருக்கிறாள். ராத்திரி முழுக்கத் தெரிந்திருக்கிறது. நான் அந்த வீட்டு வாசலில் இறங்கியபோது தெரிந்திருக்கிறது. எதால் தேய்த்தாய் என்று கேட்டபோது, உனக்கும் ஊசி என்றபோது, மாமியார் தரையில் உட்கார்ந்து அழுதபோது, எல்லாம் தெரிந்திருக்கிறது. குச்சி என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் குச்சி என்று சொன்னால், விரலால் தேய்க்கவில்லை என்று ஆகும். நான் மறுபடி எல்லோர் முன்னாலும் அவளை நிற்கவைத்துக் கேட்பேன். எனக்கு முன்னால் அந்த வார்த்தையைச் சொல்வதைவிட, வெறிநாய் என்று டாக்டரே சொன்ன நாயின் வாயில், வயிற்றில் பிள்ளையோடு, வெறுங்கையை விடுவது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

கையைக் குழாயடிக்குக் கூட்டிப்போய் சோப்புப் போட்டு நானே கழுவினேன். ரொம்ப நேரம் கழுவினேன். இரண்டு விரலில் பல் கீறியிருந்தது. ஒரு பெண், அதுவும் வாயும் வயிறுமாக இருக்கிற பெண், ஒரு ஆண் டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டாள் என்றால்கூட எனக்குப் புரியும். பெண் டாக்டரிடம் பெண்கள் மனம்விட்டுப் பேசுவார்கள் என்று நான்தான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடுகிறேன். கோமதி செய்ததை நீங்கள் யாரும் செய்யக்கூடாது, செய்ய விடவும் கூடாது. பெரிய டாக்டர் சொன்ன விதி சரியான விதி. அன்றைக்கு அந்தக் குச்சிக்குப் பதிலாக நோய் இருந்திருந்தால் இரண்டு உயிர் போயிருக்கும். விதி தவறவில்லை. விதியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் தெரிந்திருக்கவேண்டியதை எனக்குத் தெரியாமல் செய்துவைத்தது நான். நம்மிடம் வருகிற நோயாளிக்குப் பேச்சு கிடையாது. அதைக் கொண்டுவருகிறவரின் வாய்தான் அதற்கும் வாய். அந்த வாயை ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நான் அடைத்துவிட்டேன்.

அன்றே அவளை மனிதர்களுக்குப் பார்க்கிற ஒரு டாக்டரிடம் அனுப்பினேன். நாய் சாப்பிடுகிறது, குடிக்கிறது, காரணமும் கையில் இருக்கிறது, பத்து நாள் நாயைக் கட்டிவைத்துக் கவனிப்போம், ஏதாவது மாறினால் உடனே ஊசி என்று அவர் முடிவு செய்தார். அந்தப் பத்து நாளும் காலையில் கிளினிக்கைத் திறப்பதற்கு முன்னால் தி.நகர் போய் ஜிம்மியைப் பார்த்தேன். ரிக்‌ஷா அந்தத் தெருவுக்குள் திரும்பும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொள்வேன். நாய் குரைக்கிற சத்தம் கேட்டால்தான் மூச்சு வரும்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மாமியார் தானாகவே பேச்சுவாக்கில் சொன்னார். "நாய் வாயில கைய வச்சிட்டு அப்படியே அடுப்படிக்குள்ள வரலாமா டாக்டரம்மா? குளிச்சிட்டுத்தான் வரணும்னு நான்தான் சொல்லியிருந்தேன். அதுக்குன்னு இந்தக் கூறுகெட்ட பிள்ள இப்படிக் குச்சிய வச்சுத் தேய்க்கும்னு எனக்கென்ன தெரியும்?"

கடையை அடைத்துவிட்டு ஆண்கள் சாப்பிட வருகிற நேரம். அந்த நேரத்தில்தான் நான் நாய்க்குப் பல் தேய்க்கச் சொல்லியிருந்தேன். தேய்த்தால் குளிக்கவேண்டும், குளித்தால் தோசைக்கல் முன்னால் யார் நிற்பது? மருமகள்தான் நிற்கவேண்டும். எனவே அவள் கை படாமல் தேய்க்க ஒரு வழி கண்டுபிடித்தாள். அவள் ஊரில் எல்லோரும் தேய்க்கிற வேப்பங்குச்சி. முனையைக் கல்லில் நசுக்கி, நீளமாகப் பிடித்துக்கொண்டால் எச்சில் படாது. கெட்டிக்காரத்தனமான யோசனைதான். ஈறு ஏன் கீறியிருந்தது என்பதற்கும் அதுதான் காரணம். நான் திட்டி அனுப்பிய பிறகு, பயந்துபோய், காலையும் ராத்திரியும் அழுத்தித் தேய்த்திருக்கிறாள். குச்சி முறிந்துவிட்டது.

பொய் சொல்கிறாள் என்று நான் கண்டுபிடித்தேனே, அவள் பொய்யே சொல்லவில்லை. தினமும் தேய்த்தேன் என்றாள். தினமும் தேய்த்திருக்கிறாள். "எப்படித் தேய்க்கிறே, காட்டு" என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அந்த வீட்டில் எந்த நேரத்தில் யாருக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தால், மத்தியானம், குளிப்பதற்கு முன்னால் தேய்த்துவிடு என்று சொல்லியிருப்பேன்.

அந்தப் பத்து நாளும் மாமியார் காபி கொடுத்து, "நீங்க வந்த நேரம், ஜிம்மி பொழச்சுது. கைராசிக்காரங்க" என்று அக்கம்பக்கத்தாரிடம் என்னை அறிமுகப்படுத்தினார். நாயைக் கொல்லச் சிரிஞ்சோடு நின்றவளை! நான் அந்தக் காபியைக் குடித்தேன். இல்லை அம்மா, உங்கள் மருமகள்தான் காப்பாற்றினாள் என்று ஒருநாள் சொன்னேன். டாக்டரம்மாவுக்கு எவ்வளவு அடக்கம் என்று அதற்கும் பாராட்டு. கோமதி தூண் ஓரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கம் பார்க்கவில்லை.

கடைசி நாள் ஜிம்மியை அவிழ்த்துவிட்டோம். அது வீடெல்லாம் ஓடி, மாமியாரின் மடியில் ஏறி, திட்டு வாங்கி இறங்கியது. மாமியார் காபி போட உள்ளே போனார். நானும் கோமதியும் மட்டும் பின்கட்டில்.

"இப்போ பல் தேய்க்கிறியாம்மா?" என்று கேட்டேன், என்னால் முடிந்தவரை மெதுவாக.

"தேய்க்கேன் டாக்டரம்மா. விரலாலதான், தினமும்."

ஜிம்மியைப் பிடித்து உதட்டைத் தூக்கினேன். கட்டிப்போட்ட அன்றிலிருந்து யாரும் அதன் வாயைத் தொட்டிருக்கவில்லை, பார்த்தாலே தெரிந்தது. இந்த முறை நிஜமாகவே பொய். எனக்குக் கோபம் வரவில்லை, அழுகை வந்தது. இத்தனைக்குப் பிறகும் இந்தப் பெண் என்னிடம் உண்மை சொல்லப் பயப்படுகிறாள். உதட்டைக் கீழே விட்டேன்.

"கோமதி, எங்க வீட்லயும் ஒரு நாய் இருக்கு. அதுக்கு நான் பல் தேய்ச்சதே இல்லை" என்றேன்.

அவள் நம்பவில்லை. "சும்மா சொல்லுதீங்க."

"நிஜமாத்தான். கிளினிக்கை மூடிட்டு வீட்டுக்குப் போறப்ப கையைத் தூக்க முடியாது. நாளைக்குப் பாத்துக்கலாம்னு படுத்துடுவேன். மறுநாளும் அதேதான்."

"அன்னைக்கப்புறம் இவன் வாய நான் தொடவே இல்ல டாக்டரம்மா. கிட்டப் போனாலே கை நடுங்குது" என்றாள்.

"அன்னிக்கு எல்லார் முன்னாலயும் உன்னை அப்படிக் கேட்டிருக்கக்கூடாது" என்றேன். பழைய வேட்டித் துணியில் ஒரு துண்டு கிழித்து வரச் சொல்லி, ஜிம்மியை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம்.

பின்னாளில் இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண்ணின் பயத்தைப் போக்க நான் சமயத்துக்கு ஒரு பொய்யை எடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, நல்ல உத்தி டாக்டர் என்று பாராட்டுவார்கள். நானும் மறுக்காமல் சிரித்து வைப்பேன். உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன். அது பொய் இல்லை. என் நாய்க்கு நான் ஒருநாளும் பல் தேய்த்ததில்லை. அந்தச் சனிக்கிழமை, அத்தனை பேருக்கு நடுவில், ஜிம்மியின் வாயைத் திறந்து காட்டி அந்தப் பெண்ணைப் பார்த்து எல்லோரையும் சிரிக்கவைத்தபோதும் தேய்த்திருக்கவில்லை.